85 ஆயிரம் ரூபாய் கேமிங் லேப்டாப் தம்பிக்குக் கட்டாயமா?

வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. தன் பெயரும் எஸ்டேட் பெயரும் வெளியே தெரிய வேண்டாம் என்று வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கிறார். வாசகிக்கு 27 வயது. தினமும் குமுளி வழியாக மலையிறங்கி வந்து, கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். கேரளத்துத் தமிழ் மீடியம் பள்ளியில் பிளஸ் டூ முடித்த தம்பிக்கு, மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப்போகிறார்.

சீட்டு எடுத்த பணம் 65,000 ரூபாய் கையில் இருக்கிறது. தம்பி கேட்பதோ ஐ7 பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டும் போட்ட 85,000 ரூபாய் கேமிங் லேப்டாப். "கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இது கட்டாயம்க்கா, சீனியர் எல்லாரும் சொல்றாங்க" என்கிறாராம். மீதி 20,000 ரூபாயை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்பது ஒரே கேள்வி: "படிக்கப் போறானா, விளையாடப் போறானா?" கோட்டயத்தில் ஓணம் ஆஃபரில் வாங்கலாம் என்றால், கேரளத்தில் வரி கூடுதல், அங்கே வாங்கியதற்கு மதுரையில் வாரண்டி செல்லாது என்றும் அவர் சொல்கிறார். துபாயில் இருக்கும் மாமா, அடுத்த லீவில் தானே ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். எர்ணாகுளத்தில் வேலை பார்க்கும், பக்கத்து லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) பையன், மூன்று வருடம் ஓட்டிய தன் கேமிங் லேப்டாப்பை 40,000-க்குத் தரத் தயார். "நான் தொட்டது, கம்பத்தில் சித்தி வீட்டில் தங்கி பிளஸ் டூ படித்தபோது தமிழ்நாடு அரசு கொடுத்த லேப்டாப் ஒன்றைத்தான். அதையே சரிபண்ணிக் கொடுத்தால் போதுமா என்றும் யோசிக்கிறேன்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

தேனி மாவட்டத்தில் இருபது வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறவன் நான். விற்கிறவர் பேச்சும் வாங்கினவர் புலம்பலும் இரண்டும் காதில் விழும் இடம் என் மேஜை. உங்கள் கடிதம் கையில் கிடைத்ததும் நான் முதலில் தேடியது, தம்பி என்னென்ன ஆடுவார் என்று எழுதியிருக்கிறீர்களா என்பதைத்தான். எழுதியிருக்கிறீர்கள்: வேலோரன்ட், மைன்கிராஃப்ட், நண்பன் வீட்டில் ஜிடிஏ 5. பாதிக் கேள்விக்கு இந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது.

வேலோரன்ட்டைச் சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும்படிதான் செய்திருக்கிறார்கள். மைன்கிராஃப்ட்டும் அப்படித்தான். ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015-ல். இன்றைய நல்ல பிராசஸர்களுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில், செட்டிங்ஸைக் கொஞ்சம் இறக்கினால் மூன்றுமே ஓடும். "ஜிடிஏ 6 வந்தா என்ன பண்றது?" என்று தம்பி மடக்கினால், அது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது, 85,000 ரூபாய் லேப்டாப் வாங்கினாலும் இப்போதைக்கு அதில் வராது என்று சொல்லுங்கள்.

ஆகவே என் பதில்: 65,000 ரூபாய்க்குள் வாங்குங்கள். அதிலும் 60,000-ஐ லேப்டாப்புக்கு வைத்துக்கொண்டு 5,000-ஐ கையில் நிறுத்துங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். தவணை வேண்டாம். ஆனால் 60,000 ரூபாய்க்கு எதை வாங்குவது என்பதில்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பு எதைக் கேட்கிறது?

தம்பியின் சீனியர்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று சொல்ல மாட்டேன். தாங்கள் வாங்கியதைச் சிபாரிசு செய்கிறார்கள், எல்லாரும் செய்வதுதான். முதல் இரண்டு வருடம் சி, ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ் என்று போகும். இவற்றுக்கு எந்தப் புது லேப்டாப்பும் போதும். மூன்றாம் வருடம் ஆப் செய்ய ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வரும், ஒரு லேப்டாப்புக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வேலை வரும். அப்போது மூச்சு வாங்குவது ரேம்தான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை, லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போனைப் போல ஓடும் அதன் எமுலேட்டரோடு சேர்த்து ஓட்ட 16 ஜிபி ரேம் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது.

ஏஐ படிக்கக் கிராபிக்ஸ் கார்டு வேண்டாமா என்றால், பாடத்தில் வரும் அளவுக்குக் கூகுள் கோலாப் போதும். பிரௌசரிலேயே இலவசமாக, நேரக் கட்டுப்பாட்டோடு, கார்டு போட்ட கம்ப்யூட்டரைக் கொடுக்கிறார்கள். 3டி அனிமேஷன், கேம் உருவாக்குவது என்று போகிறவருக்குக் கார்டு உண்மையிலேயே தேவைப்படும். தம்பியிடம் அந்த ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கீழே சொல்லும் இரண்டாவது வழியைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள் லினக்ஸ், அதில் ஒரு ரகம் உபுண்டு. கேரளப் பள்ளிகளில் அரசின் கைட் நிறுவனம் கொடுக்கும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸில்தான் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பழகுகிறார்கள். மதுரையில் தம்பியோடு உட்காரப்போகும் பலர் லினக்ஸை முதல் தடவை பார்ப்பார்கள், இவருக்கு அது பழகின வீடு. புது லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்திலேயே உபுண்டுவையும் போட்டுக்கொள்ளலாம். போடும்போது, ஆன் ஆகும் நேரத்தில் நம்பகமான மென்பொருளை மட்டும் திறக்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்துவிட வேண்டாம். அதை அணைத்தால் விண்டோஸ் 11-ல் வேலோரன்ட் திறக்காது. அந்த ஆட்டம் லினக்ஸில் ஓடவும் ஓடாது. இதைத் தெரியாமல் "லேப்டாப் கெட்டுப்போச்சு" என்று என்னிடம் வந்த பையன்கள் உண்டு.

ஸ்டிக்கரை நம்பி ஏமாறும் இடம்

ஐ7 என்றால் ஐ5-ஐவிட வேகம் என்று கடையிலும் சொல்வார்கள், நாமும் நம்புவோம். எண்ணின் கடைசியில் வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும். யு என்று முடிந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ரகம், எச் என்று முடிந்தால் வேகமான ரகம். பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதியைக் கோர் என்பார்கள். ஐ7-1255யு என்பதில் பெரிய கோர் இரண்டுதான். ஐ5-12450எச்சில் நான்கு. தொடர்ந்து கடினமான வேலை கொடுத்தால் இந்த "சின்ன" ஐ5 முந்திவிடும்.

ஏஎம்டியின் ரைசனில் இதைவிடப் பெரிய குழப்பம். ரைசன் 5 என்று ஒரே ஸ்டிக்கர் ஒட்டிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லேப்டாப் இருக்கும், உள்ளே இருப்பது வேறு வேறு. 7520யு என்பது நான்கு கோர், பழைய வடிவமைப்பு, பேருக்கு ஒரு கிராபிக்ஸ். 7535எச்எஸ் என்பது ஆறு கோர், ரேடியான் 660எம் கிராபிக்ஸ். நாலாயிரம் ரூபாய் குறைவு என்று முதலாவதை வாங்கினால் தம்பி நாலு வருடமும் உங்களைத் திட்டுவார். ரைசன் 7 7735எச்எஸ் என்றால் இன்னும் நல்லது. அதிலிருக்கும் ரேடியான் 680எம், தனிக் கார்டு இல்லாமல் விளையாடுகிறவர்களுக்கு நல்ல துணை. இன்டெல்லில் அதே இடத்துக்குக் கோர் அல்ட்ரா 5 125எச் போன்றவை இருக்கின்றன. அங்கேயும் 125எச் வேறு, 125யு வேறு. மாடல் பெயர் வருடா வருடம் மாறும், ஆகவே முழு எண்ணையும் எழுதி வாங்கிவந்து நிதானமாகத் தேடிப் பாருங்கள்.

தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பில் ரேம் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமில் இருந்துதான் கடன் வாங்கும். ஒரே 8 ஜிபி துண்டாக இருந்தால் ஒற்றையடிப் பாதையில் லாரி போகிற மாதிரி. எட்டும் எட்டுமாக இரண்டு துண்டு இருந்தால் பாதை இரண்டாகிறது, ஆட்டத்தின் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் இருக்கும் லேப்டாப்பில் ஒற்றைத் துண்டு ரேம் மட்டும் இருந்தால், விண்டோஸ் அதை ஐரிஸ் என்றே காட்டாது, சாதாரண யுஎச்டி என்றுதான் காட்டும். அவ்வளவு வித்தியாசம்.

முன்பெல்லாம் "8 ஜிபியோடு வாங்குங்கள், ஒரு வருடம் கழித்து நான் இன்னொரு 8 போட்டுத் தருகிறேன்" என்று சொல்வேன். இப்போது சொல்வதில்லை. 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப்புகள் போவதால் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. அதோடு மெலிசான லேப்டாப்புகளில் ரேமைப் பலகையிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், பிறகு யாராலும் கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜிபி இருக்கட்டும். ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி. ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் சாப்பிடும் என்பதால் 256 போதாது.

கேமிங் லேப்டாப்பைப் பற்றி நியாயமாக

அதற்கும் நல்ல குணங்கள் உண்டு. உள்ளே காற்றோட்டம் நன்றாக இருக்கும், ரேமையும் எஸ்எஸ்டியையும் பெரும்பாலும் கூட்டிக்கொள்ளலாம். ஆஃபர் நாளில் ஆர்டிஎக்ஸ் 3050 போட்ட முந்தைய வருடத்து மாடல் உங்கள் 65,000-க்குள் வந்தாலும் வரலாம். கேம் உருவாக்கும் ஆசை தம்பிக்கு இருந்தால் அதுதான் நான் சொன்ன இரண்டாவது வழி. ஆர்டிஎக்ஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து 2050-ஐ வாங்கிவிட வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பலன் குறைவு. 3050-லும் 4 ஜிபி, 6 ஜிபி என்று இருக்கிறது. கார்டுக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே கார்டு ஒரு லேப்டாப்பில் ஓடும், இன்னொன்றில் நொண்டும்.

கெட்ட குணம் என்னவென்றால் கனம். லேப்டாப் இரண்டேகால் கிலோ, சார்ஜர் செங்கல் மாதிரி இன்னொரு அரைக் கிலோ. வகுப்பில் பிளக் பாயின்ட் தேடி ஓட வேண்டும். ஹாஸ்டல் அறையில் மூன்று பேருக்கு இரண்டு பாயின்ட் இருக்கும், இதில் சண்டை வேறு. சார்ஜரைக் கழற்றினால் கார்டும் தன் முழு வேகத்தைக் காட்டாது. சனிக்கிழமை மதுரையில் பஸ் ஏறி, தேனி, கம்பம், குமுளி என்று மாறி மாறி வீடு வந்து சேரும் பையன் அதை முதுகில் சுமந்து பார்க்கட்டும். இரண்டாம் செமஸ்டரில் லேப்டாப்பை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வருவார்.

என் மனசு சாய்வது ஒன்றரையிலிருந்து 1.7 கிலோவுக்குள், 50 வாட்-அவருக்கு மேல் பேட்டரி உள்ள, மேலே சொன்ன ரகப் பிராசஸர் போட்ட லேப்டாப் பக்கம்தான்.

கோட்டயமா, மதுரையா, துபாயா, எர்ணாகுளமா?

அப்பா சொல்வதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு, 2019 ஆகஸ்ட் 1 முதல் கேரளத்தில் பல பொருட்களுக்கு ஒரு சதவீத வெள்ள செஸ் போட்டார்கள். அது 2021 ஜூலையோடு முடிந்துவிட்டது. இன்று லேப்டாப்புக்கு இரண்டு மாநிலத்திலும் 18 சதவீத ஜிஎஸ்டிதான். ஆகவே கோட்டயமோ மதுரையோ, எங்கே பில் தொகை குறைவோ அங்கே வாங்கலாம்.

வாரண்டி விஷயத்தில் அப்பா பாதி சரி. இந்தியாவில் விற்ற லேப்டாப்புக்குக் கம்பெனி கொடுக்கும் வாரண்டி இந்தியா முழுவதும் செல்லும், செக்போஸ்ட்டில் நின்றுவிடாது. ஆனால் கடைக்காரர் தன் பெயரில் கூடுதலாக விற்கும் "எக்ஸ்டென்டட் வாரண்டி" வேறு. அது அந்தக் கடையின் கிளைகளில் மட்டும் செல்லலாம். இரண்டில் எது என்று கேட்டு, கம்பெனியின் வாரண்டி நீட்டிப்பையே எடுங்கள். நான் நிறுத்தி வைக்கச் சொன்ன 5,000-ல் ஒரு பகுதி இதற்குத்தான். கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் சரிசெய்யும் பாதுகாப்பும் தனியாக உண்டு. லேப்டாப் வாங்கிய குறிப்பிட்ட காலத்துக்குள் எடுத்தால்தான் பெரும்பாலும் தருவார்கள். வீடு தேடி வரும் ஆன்சைட் சர்வீஸ் எஸ்டேட் முகவரிக்குக் கிடைக்குமா என்பதைப் பின்கோடு சொல்லி முதலிலேயே கேளுங்கள். மலை மேல் வர மாட்டோம் என்றால் ஹாஸ்டல் முகவரியைப் பதிவு செய்துவிடலாம்.

துபாய் மாமாவின் அன்புக்கு நன்றி சொல்லுங்கள். பதினெட்டு வயதான பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பது சரிதான். ஆனால் கீபோர்டில் அரபி எழுத்து இருக்கலாம், பிளக் வேறு, எல்லாவற்றுக்கும் மேல் அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி உண்டா என்பதை வாங்குமுன் கம்பெனியிடம் சீரியல் எண்ணோடு உறுதிசெய்ய வேண்டும். மாமாவை ஒரு நல்ல ஹெட்செட் வாங்கி வரச் சொல்லுங்கள்.

எர்ணாகுளத்துப் பையனின் பழைய லேப்டாப்பை நான் வேண்டாம் என்பேன். பையன் நல்லவனாகவே இருக்கட்டும். கேமிங் லேப்டாப்பில் மூன்று வருடம் என்பது ஆட்டோவில் மூன்று வருடம் மாதிரி, எவ்வளவு ஓடியது என்பது வெளியே தெரியாது. பேட்டரி தளர்ந்திருக்கும், ஃபேனில் தூசி அடைந்திருக்கும், வாரண்டி முடிந்திருக்கும். போர்டு போனால் உங்கள் 40,000-ல் பாதியை அது தின்றுவிடும். அப்படியும் அதுதான் என்று முடிவானால், முதல் பில் கையில் வேண்டும். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது ஏறும் அளவும் என்னவென்று பாருங்கள். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆட்டத்தை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் பழைய அரசு லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது, அந்த வயது லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. பேட்டரியும் இப்போது போயிருக்கும். ஆனால் ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் நீங்கள் கணக்கு எழுத, அம்மா வீடியோ பார்க்க ஓடும். நாலு வருட பி.இ.க்கு அதை நம்ப முடியாது.

வட்டியில்லாத் தவணை என்பது

கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "முழுப் பணமும் இப்போதே கட்டினால் எவ்வளவு?" 85,000 என்பது 81,000 ஆகிவிட்டால், அந்த நாலாயிரம்தான் வட்டி. வட்டியே இல்லாத கடன் என்பது இல்லாத ஒன்று என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. யாரோ ஒருவர் கட்டத்தான் செய்கிறார், பெரும்பாலும் நமக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடியிலிருந்து. மேலே பிராசசிங் கட்டணம், கிரெடிட் கார்டாக இருந்தால் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி. ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போய்த் தவணை தவறினால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் உங்கள் பெயரில்தான் கறை விழும், தம்பி பெயரில் விழாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். தம்பிக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கியில் மனு கொடுத்திருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டர் செலவையும் சேர்த்துக் கேட்க இடம் இருக்கிறது. கடையில் விலைப்பட்டியல் ஒன்று எழுதி வாங்கி, மேனேஜரிடம் கொடுத்துக் கேளுங்கள். கிடைத்தால் சீட்டுப் பணத்தை ஹாஸ்டல் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வட்டி உண்டு, ஆனால் எவ்வளவு என்பது தாளில் எழுதியிருக்கும்.

வாங்கும் அன்றைக்கு

தம்பியையும் கூட்டிப் போங்கள். பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், ஆன்லைனில் வாங்கினால் பிரிப்பதை முதல் நொடியிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். ஆன் செய்து டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போனால் ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்று காட்டும். அங்கே "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் பெரும்பாலும் சால்டர் செய்தது. பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் இருப்பதும் ஒன்றுதானா பாருங்கள். எம்எஸ் ஆபீஸுக்குத் தனியாக ஐயாயிரம் என்று சொன்னால் தலையாட்டிவிட வேண்டாம். பல லேப்டாப்புகளோடு அது சேர்ந்தே வரும். இல்லாவிட்டால் கல்லூரி கொடுக்கும் மெயில் ஐடிக்கு இலவசமாகக் கிடைக்கிறதா என்று பார்க்கலாம், அதுவும் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பார்கள். நல்ல பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாதுதான். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி கேடயம் ஆகாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிகமுறை என்கிறது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயோ வேலை பார்க்கும் இடத்திலேயோ புகார் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கோட்டயத்தில் வாங்கினாலும் உங்களுக்கு இடுக்கியும் உண்டு, தேனியும் உண்டு. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் பில் வேண்டும், அதை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள்.

அப்பாவின் கேள்விக்கு

நான் மனநல ஆலோசகன் இல்லை. ஆனால் ஹாஸ்டல் பையன்களை நிறையப் பார்க்கிறேன். விளையாட்டில் மூழ்குகிறவன் கையிலிருக்கும் போனிலேயே மூழ்குவான், மெதுவான லேப்டாப் வாங்கிக் கொடுத்து அதைத் தடுக்க முடியாது. மெதுவான லேப்டாப்பால் கெடுவது புராஜெக்ட்தான். ஆகவே "படிக்க மட்டும்" என்று ஒரு டப்பாவை வாங்கிக் கொடுப்பதில் அப்பாவுக்கும் லாபமில்லை.

அப்பாவின் பயத்தில் கவனிக்க வேண்டியது பணம். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடைசெய்தது. தம்பி சொன்ன மூன்றும் அந்த வகை இல்லை. ஆனால் வேலோரன்ட் இலவசம் என்றாலும் அதற்குள் துப்பாக்கிக்கு அழகான தோல் வாங்க, ஸ்கின் என்பார்கள், ஆயிரக்கணக்கில் போகும். உங்கள் கார்டையோ யுபிஐயையோ அந்தக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். வேண்டுமென்றால் அவரே சேர்த்து வைத்து வாங்கட்டும். மற்றபடி ஹாஸ்டல் வைஃபையில் பல இடங்களில் ஆட்டங்களை அடைத்துவைத்திருப்பார்கள்.

கடைசியாக, மீதிப் பணத்தில் வாங்க வேண்டியவை. திடீரென ஏறும் மின்சாரத்திலிருந்து காக்கும் ஒரு நல்ல சர்ஜ் புரொடெக்டர், ஒரு மவுஸ், உறை போட்ட பை. துலா மாதத்து இடி உங்கள் மலையில் எப்படி இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. லீவுக்கு வந்தால் ஈரம் ஏறாமல் இருக்கப் பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். மெத்தை மேல் வைத்து ஆடக் கூடாது, கீழே இருக்கும் காற்றுத் துளை அடைத்து உள்ளே வெந்துபோகும். அப்புறம், எஸ்டேட் பக்கமிருந்து என் மேஜைக்கு வரும் லேப்டாப்புகளில் நான் அதிகம் துடைத்தது டீயைத்தான். கொட்டிவிட்டால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வைத்துவிட்டு, ஆன் செய்து பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டு சர்வீஸுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கடையில் இரண்டு மூன்று மாடலைக் காட்டினால், பிராசஸரின் முழு எண், ரேம் எத்தனை துண்டு, பேட்டரி எத்தனை வாட்-அவர், இந்த மூன்றையும் எழுதி எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி. எதை எடுப்பது என்று பதில் போடுகிறேன்.